தரிப்புப் பிறேக்குச் சூக்கள்: பழுதும் பராமரிப்பும்

பின்சில்லுகளில் தட்டுப் பிறேக் பூட்டிய கார்கள் பலவற்றில் தரிப்புப் பிறேக் தனியொரு பொறியமைப்பாகவே உள்ளது. தட்டின் நடுவிலுள்ள குழிந்த பாகம் சிறியதொரு டிரம்மாக அமைய, அதனுள்ளே இரு சூக்கள் விரிந்து உட்சுவரைப் பற்றுகின்றன. 1976 இல் அறிமுகமான மேர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நின்ற வண்டியை நகராது வைத்திருப்பதே இச்சூக்களின் பணியாதலின், அவை தேய்வது அரிது. தேயாத உறுப்புக்குப் பராமரிப்பு எதற்கு என்னும் அசட்டை இங்கிருந்தே பிறக்கிறது. உண்மையில் அவற்றைக் கெடுப்பது உழைப்பன்று, ஓய்வே. நெம்புகோல் துருவேறி இறுகும். லைனிங் உலோகத்தைவிட்டுக் கழரும். எண்ணெய் ஊறிய சூக்களைக் கழுவுவதாற் பயனில்லை. கசிவை அடைத்தபின் இருபுறமும் மாற்றுதலே முறை.

பிடி தளர்ந்ததும் கேபிளை மட்டும் முறுக்கிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. சூவுக்கும் டிரம்முக்குமுள்ள இடைவெளி அதனாற் சீராகாது. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, முதலிற் கேபிளைத் தளர்த்துதல் வேண்டும். பின்னர்ச் சில்லின் போல்ட் ஒன்றைக் கழற்றி, அத்துவாரத்தினூடே ஸ்குரூ டிரைவரால் உள்ளிருக்கும் பற்சக்கரத்தைச் சில்லு சுழலாதவரை திருப்பி, சில்லு தடையின்றிச் சுழலுமட்டும் சில பற்கள் பின்வாங்கச் செய்தல் வேண்டும். கேபிளின் முறை அதற்குப் பிந்தியதே.

டிரம்மினுள் திரளும் தூசு தனிக்கவனத்துக்குரியது. பழைய லைனிங்குகள் பலவற்றிற் கல்நார் கலந்திருந்தது. பிரித்தானியா வெண்கல்நாரை 1999 இல் தடைசெய்தது. எனினும் பழைய வண்டியொன்றில் இருப்பது எதுவெனக் கண்ணாற் கண்டு கூறவியலாது. வண்டியோட்டியின் பாதுகாப்பை விரித்துரைக்கும் கைந்நூல்கள் தொழிலாளியின் நுரையீரலையும் அதே அக்கறையோடு பேசுதல் வேண்டும். அத்தூசைக் காற்றுக்குழாயால் ஊதலாகாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியையும் உறையிலிட்டுக் கட்டி அகற்றுதல் வேண்டும்.