கட்டுமரமும் பாலினீசியத் தோணியும்

ஆங்கிலத்தில் புகுந்த தமிழ்ச் சொற்கள் எவை என வினவினால், மிளகுதண்ணீர், சுருட்டு என்பவற்றோடு கட்டுமரத்தையும் தயங்காது சொல்லிவிடுவீர்கள். ஆயின் இன்று ஓர் ஆங்கிலேயர் ‘கட்டமரான்’ என்னும்போது அவர் மனத்தில் எழுவது நம் கட்டுமரம் அன்று. ஒடுங்கிய ஓடங்கள் இரண்டை இணைத்து, நடுவே தளம் பரப்பிய கலம். அத்தகைய கலத்தில் பசிபிக் பெருங்கடலைத் தொன்றுதொட்டுக் கடந்தவர்கள் பாலினீசியர். நம் சொல் அவர்கள் தோணியில் ஏறியது எங்ஙனம்?

விடுமுறை நாளொன்றில் தோழர்களுடன் காரைக்கால் கடற்கரைக்கோ, அருகிலுள்ள கிளிஞ்சல்மேட்டுக்கோ செல்லுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகளே மிகுந்துவிட்டன, கட்டுமரம் அருகிவிட்டது. முதிய மீனவர் எவரேனும் அதன் அமைப்பை உங்களுக்கு விளக்குவார். இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். அதற்கு உட்குழிவு இல்லை. ஏறிய நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். அலை உடையும் துறைமுகமற்ற கரைக்கு இதனினும் பொருத்தமான கலம் அரிது.

பாலினீசியர் தோணியோ நெடும்பயணத்துக்கென அமைந்தது. இரண்டு ஓடங்களையும் குறுக்கு மரங்களால் இணைத்துத் தென்னை நார்க் கயிற்றால் கட்டினர். தாழையோலைப் பாயை விரித்தனர். தென்னையும் தாழையும் நம் கரையிலும் உள்ளனவே! சேம்பு, வாழை, ஈரப்பலாக் கன்றுகளையும் கோழி, பன்றி, நாய்களையும் ஏற்றிச் சென்றனர். குடியேறச் செல்வோரின் மூட்டை அது. இவர்தம் முன்னோர் மொழிவழியில் தைவான் பக்கத்தவர். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் தோங்கா, சமோவா தீவுகளை அடைந்தனர், கி.பி. 1000-க்கும் 1300-க்கும் இடையில் ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து வரை பரவினர் என்பர் ஆய்வாளர். நியூசிலாந்தின் மவோரியர் தம் கலத்தை ‘வாக்கா’ என்றே அழைக்கின்றனர்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் மிதவையைக் கண்டெழுதிய டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி நம் சொல்லைக் கையாண்டார். பின்னர் இணைத்துக் கட்டிய கலங்கள் பலவற்றுக்கும் அது பரவிற்று. 1876-இல் நியூயார்க் பாய்ப்படகுப் போட்டியில் எரஷாஃப் என்பாரின் இரட்டை ஓடம் ஏனையவற்றை முந்தியது. அக்காலத்தில் இரட்டை ஓடத்துக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. சொல்லைச் சுமந்து சென்றவர்கள் ஐரோப்பியர். அதைக்கொண்டு பாலினீசியருக்குக் கலம் கட்டக் கற்பித்தவர் தமிழரே என முழங்குவது, அவர்கள் பெற்ற புகழை அவர்களிடமிருந்தே பறிப்பதாகும். 1976-இல் ‘ஹோகுலேயா’ என்னும் இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து தாகித்திக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் சென்றது. திசைகாட்டி இல்லை, விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பார்த்து வழி நடத்தியவர் சதவால் தீவின் மௌ பியைலுக். (அந்தத் தாகித்தி இன்றும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது, காரைக்காலோ 1954-இல் அவ்வாட்சியினின்று விலகியது.)

தமிழர் பசிபிக்கை ஆண்டதற்குச் சான்று என்று சிலர் காட்டும் பொருள் ஒன்றுண்டு. கொலென்சோ என்னும் பாதிரியார் 1836-இல் நியூசிலாந்தில் ஒரு வெண்கல மணியைக் கண்டார். மவோரியர் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாம். அதில் தமிழ் எழுத்துகள்: முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது பொருள். பெயர் நம் கரையின் முஸ்லிம் கப்பல் வணிகரை நினைவூட்டுகிறது. ஒரு மணி ஒரு கப்பலுக்குச் சான்று, குடியேற்றத்துக்கு அன்று. கைவிடப்பட்ட கலம் காற்றோடு மிதந்திருக்கலாம். மணி மட்டுமே கைம்மாறிக் கைம்மாறிச் சென்றிருக்கலாம். வெல்லிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இப்போது அது உள்ளது.