கலத்திலிருந்து கலத்துக்கு: எச்.ஐ.வி. பரவும் வழி

எச்.ஐ.வி. முதன்மையாகத் தாக்குவது சி.டி.4 ரி கலங்களை. நோய் எதிர்ப்பில் ஏனைய கலங்களை ஏவி வழிநடத்தும் வெண்குருதிக் கலங்கள் இவை. வைரசு குருதியில் மிதந்து வந்து இவற்றை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது என்று மட்டும் எண்ணினால் நோயின் பாதிதான் விளங்கும். எதிர்ப்புக் கலங்கள் ஒன்றையொன்று தொட்டே செய்தி பரிமாறுகின்றன. அந்தத் தொடுகைதான் வைரசுக்கு நல்ல வழியாகிறது.

தோலிலும் உள்மென்சவ்விலும் காவல் நிற்கும் கிளைவடிவக் கலங்கள், நுழையும் கிருமியைப் பற்றி நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுபோய் ரி கலங்களுக்குக் காட்டும். இக்கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் எச்.ஐ.வி.யைப் பற்றிக்கொண்டு, அழிக்காமலே ரி கலத்திடம் சேர்த்துவிடக்கூடும் என்று 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். நிணநீர்க்கணுவிலோ கலங்கள் நெருக்கமாக இருக்கின்றன. தொற்றிய கலம் பக்கத்துக் கலத்தோடு ஒட்டிக்கொள்ள, ஒட்டிய இடத்தினூடாக ஒரே தடவையில் பல வைரசுகள் கடக்கின்றன.

இதன் விளைவு கொடியது. நிணநீர் இழையத்தில் மடியும் சி.டி.4 கலங்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவை வைரசைப் பெருக்காத, ஓய்விலிருக்கும் கலங்கள் என்பதை சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவன ஆய்வுகள் வெளிப்படுத்தின. உள்ளே நுழைந்த வைரசின் டி.என்.ஏ. முழுமையடையாமல் நின்றுவிடுகிறது, அதை உணர்ந்த கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அந்தச் சாவு கிளப்பும் அழற்சி மேலும் கலங்களை அங்கே இழுக்கிறது, அவையும் அகப்படுகின்றன. கலத்திலிருந்து கலத்துக்குக் கடக்கும் வைரசே இந்தச் சாவைத் தூண்டுகிறது, தனியே மிதப்பது தூண்டுவதில்லை என்று 2015இல் அதே குழு கண்டது.

தொற்றிய கலங்களைக் கொல்ல சி.டி.8 கலங்கள் உண்டு. ஆனால் சி.டி.4 கலங்களின் துணை குறையக் குறைய அவையும் தளர்கின்றன. சில சி.டி.4 கலங்களில் வைரசு உறங்கிக் கிடக்கும். மருந்து அதை எட்டுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோரில் சில வாரங்களிலேயே வைரசு மீள்வது இதனால்தான்.

ஆகவே கலங்கள் அழியுமுன் சிகிச்சை தொடங்க வேண்டும். சி.டி.4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கினால் கடும் நோயோ மரணமோ நேரும் அபாயம் பாதிக்குமேல் குறைவதை 2015இன் பன்னாட்டு ஆய்வொன்று உறுதிசெய்தது. ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவுவதில்லை.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. கடத்தப்படுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. கர்ப்பிணிகளைத் தவறாமல் பரிசோதித்ததால் வந்த வெற்றி இது. ஏனையோருக்கும் வழி அதுவே. திருகோணமலை பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனை இலவசம். விவரம் இரகசியமாகக் காக்கப்படும். ஐயமிருந்தால் தயங்காமல் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.