அடி வரிசையைப் பாருங்க

காரை இல்லாமல் 20 செங்கல்லில் கோபுரம் கட்டும்போது எல்லோர் கண்ணும் உச்சியில்தான். கோளாறு இருப்பதோ அடியில்.

19×9×9 செ.மீ. கல்லை இரண்டிரண்டாக, வரிசைக்கு வரிசை குறுக்கே திருப்பி வைத்தால் 10 வரிசைக்கு 90 செ.மீ. உயரம். அடி வரிசை 19 செ.மீ.க்கு 1 மி.மீ. தாழ்ந்தாலே உச்சி சுமார் 5 மி.மீ. விலகும். மேல் வரிசைகளும் அதே பக்கம் தள்ளிப்போனால், மேலுள்ள எடையின் மையம் கீழ்க்கல்லின் விளிம்பைத் தாண்டும். அப்புறம் சரிவுதான். எனவே முதலில் ரசமட்டம், நீளவாக்கிலும் குறுக்கேயும்.

அடுத்தது, ஒருவர் கல்லைத் தொடவே கூடாது. தூக்குக்குண்டோடு தள்ளி நின்று பார்க்கணும். 'நிறுத்து'ன்னா எல்லோரும் கையை எடுக்கணும். சும்மா நிக்கிற வேலைன்னு எங்க குழுவில் யாரும் முன்வரலை. அதிகம் பேசாத தோழி ஒருவர் ஏற்றார். ஏழாம் வரிசையில் நிறுத்தினார். முணுமுணுப்போடு மூன்று வரிசையைப் பிரித்து அடுக்கினோம். மணி அடித்தபோது ஒன்பதுதான் முடிந்திருந்தது. நூல் மட்டும் விலகவில்லை.