பின்கதவை இறக்கினால் பிக்அப் பறக்குமா?

நெகிரி செம்பிலான் தோட்டப் பக்கங்களில் பிக்அப் வண்டிக்குப் பஞ்சமே இல்லை. பகாவ், ரந்தாவ், கெமஞ்சே என எங்கே போனாலும் உரமூட்டையையோ செம்பனைப் பழக்குலையையோ ஏற்றிக்கொண்டு ஒன்று எதிரே வரும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது சிலர் பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு ஓட்டுவார்கள். உள்ளே காற்று மாட்டாது, வேகம் கூடும், எண்ணெயும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. என் நான்காம் படிவ மாணவர்களில் பாதிப்பேர் இதை நம்புகிறார்கள். மீதிப்பேர், "அதெல்லாம் வேணாம் சார், இன்ஜினை மாத்தினா போதும்" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சையும் சோதிக்க உலகத்தில் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பழங்கால ஏரி ஒன்று வற்றிப்போனதால் உண்டான போனவில் உப்புவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். 1949 முதல் அங்கே 'வேக வாரம்' என்ற போட்டி நடக்கிறது. வளைவு கிடையாது, முந்திச் செல்லப் பக்கத்தில் இன்னொரு வண்டியும் கிடையாது. நேர்கோட்டில் ஓடி, அளந்து வைத்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறீர்கள் என்பதுதான் போட்டி. அனைத்துலகச் சாதனையாக அதை ஏற்க வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் வரும். காற்று முதுகைத் தள்ளியதால் கிடைத்த வேகம் திரும்பி வரும்போது தெரிந்துவிடும் அல்லவா!

2002 அக்டோபரில் கேல் பேங்க்ஸ் என்பவரின் குழு அங்கே ஒரு டாட்ஜ் டக்கோட்டா பிக்அப்பைக் கொண்டுவந்தது. 'கொண்டுவந்தது' என்றால் லோரியில் ஏற்றி அன்று. கலிபோர்னியாவிலிருந்து அந்த வண்டி தானே சாலையில் ஓடி வந்தது, பின்னால் ஒரு டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு! டீசல் இன்ஜின், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 735 குதிரைத்திறன். சாதனை வேகம் மணிக்கு 217 மைல். அதாவது ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஓர் ஓட்டத்தில் 222 மைலை, சுமார் 357 கிலோமீட்டரைத் தொட்டது.

735 குதிரைத்திறன் என்றதும் இன்ஜின் கட்சி கைதட்டும். கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றுத்தடை = பாதி × காற்றின் அடர்த்தி × இழுவைக் கெழு × முகப்புப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். நம் தோட்டத்து பிக்அப் ஒன்றுக்கு இழுவைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கினால் 1.2 சதுர மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டக் காற்றின் அடர்த்தியும் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 25 மீட்டர். தடை 450 நியூட்டன். அதை வேகத்தால் பெருக்கினால் தேவையான திறன் 11.25 கிலோவாட். வேகத்தை இரட்டிப்பாக்கி 180 ஆக்குங்கள்: தடை நான்கு மடங்கு, திறன் எட்டு மடங்கு, அதாவது 90 கிலோவாட். இன்னொரு முறை இரட்டித்து 360 ஆக்கினால் 720 கிலோவாட்! குதிரைத்திறனில் சொன்னால் 960க்கும் மேல்.

ஆனால் அந்த டக்கோட்டாவிடம் இருந்தது 735, அதாவது சுமார் 548 கிலோவாட்தான். அதிலும் கியர், அச்சு, சக்கரம் என்று வழியிலேயே ஒரு பகுதி போய்விடும். மீதியை எங்கிருந்து பிடித்தார்கள்?

முதல் உதவி இடத்திலிருந்து கிடைத்தது. போனவில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,290 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு; தடையும் அதே அளவு குறையும். ஆனால் மெல்லிய காற்றில் இன்ஜினுக்கும் ஆக்சிஜன் குறையும். அதை டர்போ சரிக்கட்டியது. வெளியே கனம் குறைந்த காற்று, உள்ளே அழுத்தித் திணித்த காற்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரண்டாவது, உடம்பு. அந்த இன்ஜின் டாட்ஜின் பெரிய பிக்அப்பில் அப்போது வந்த வகை. அதை எடுத்துச் சிறிய பிக்அப்பான டக்கோட்டாவுக்குள் வைத்தார்கள். முகப்புப் பரப்பு குறைந்தால் தடையும் குறையும். உப்புவெளிக்குப் போகும் பிக்அப்புகளைத் தரையை ஒட்டித் தாழ்த்துவார்கள், முன்பம்பருக்குக் கீழே தகடு தொங்கவிட்டு, வண்டிக்கு அடியில் நுழையும் காற்றைக் குறைப்பார்கள், பின்தட்டை மூடிவிடுவார்கள்.

இப்போது பின்கதவுக்கு வருவோம். கதவு மூடியிருக்கும்போது கூரையைத் தாண்டி வரும் காற்று, பின்தட்டுக்குள் ஒரு பெரிய சுழலை உண்டாக்குகிறது. அந்தச் சுழல் ஒரு மெத்தை மாதிரி. மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும். கதவை இறக்கினால் சுழல் கலைந்துபோகும். தடை பெரும்பாலும் குறைவதில்லை, கூடவும் செய்யும். கதவைப் பூட்டித் தட்டின்மேல் மூடி போட்டால்தான் கொஞ்சம் லாபம்.

மூன்றாவது விஷயம் பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும். உப்புவெளியில் ஓடும் வண்டிகளில் வேண்டுமென்றே பாரம் ஏற்றுவார்கள்! உப்பில் தார்ச்சாலை அளவு உராய்வு கிடைக்காது. இன்ஜின் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் என்ன பயன்? மழைக்காலத்தில் செம்மண் பாதையில் வெறும் பிக்அப் வழுக்கும்போது பின்னால் நாலு மூட்டை தூக்கிப்போடுகிறார்களே, அதே இயற்பியல்தான்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் விநாடிக்கு 100 மீட்டர் ஓடினால் விநாடிக்கு 45 முறை சுழலும். அதன் விளிம்பில் ஒரு கிராம் ரப்பரைப் பிடித்து வைக்க, ஏறத்தாழ 2.9 கிலோவைத் தூக்கும் விசை வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாக வரும். சாதாரண டயர் இதைத் தாங்காது, சூடேறிக் கிழிந்துவிடும். ஆகவே, போட்டிக்கென்று தனி டயர் போடுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியின் டயர் பக்கவாட்டில் அளவு எண்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'ஆர்' என்றால் 170, 'எஸ்' என்றால் 180, 'டி' என்றால் 190, 'எச்' என்றால் 210 கிலோமீட்டர் வரைதான் அந்த டயருக்கு உத்தரவாதம். அதுவும் புதிதாக, சரியான காற்றழுத்தத்தோடு இருந்தால். இன்ஜினை ஏற்றி, டயரை அப்படியே விட்டுவிடும் அண்ணன்மார் யாராவது உங்கள் லயத்தில் இருந்தால், அந்த எழுத்தை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

பின்கதவு வழக்கை வகுப்பிலேயே தீர்த்துக்கொள்ளலாம். காலணிப் பெட்டி அட்டையில் ஒரு பிக்அப் செய்யுங்கள். பின்தட்டின் தரையில் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள தையல் நூல் துண்டுகளை ஒரு முனை மட்டும் ஒட்டி வையுங்கள். எதிரே மேசை விசிறியை வைத்து, முதலில் பின்கதவை மூடியும் பிறகு இறக்கியும் காற்று விடுங்கள். மூடியிருக்கும்போது தரையில் உள்ள நூல்கள் விசிறிக்கு எதிராக, ஓட்டுநர் பக்கம் சாய்கின்றனவா என்று கவனியுங்கள். சாய்ந்தால் நீங்கள் பார்ப்பது அந்தச் சுழலின் அடிப்பாகம்.