அடுப்பங்கரைச் சுவரில் துளை போடும் நாள்

சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மத்திய சமையலறைகளுக்கும் தீயணைப்புச் சாதனம் பொருத்துவது என் வேலை. "சீக்கிரம் முடிஞ்சிடுமா தம்பி?" என்பார்கள் கடைக்காரர்கள். "அடுத்த துப்புரவு விடுமுறை எப்ப அக்கா?" என்று கேட்பேன் நான். உணவங்காடி நிலையங்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மூடிக் கழுவுகிறார்கள். துளை போட அதைவிடத் தோதான நாள் இல்லை.

கான்கிரீட் தூள் கண்ணுக்குத் தெரியாமல் மாவிலும் மசாலாவிலும் இறங்கிவிடும். அதனால் டப்பாக்கள் முதலில் வெளியே போகும். துளைக்கருவியின் வாயிலேயே தூசு உறிஞ்சியைப் பிடித்துக்கொள்வேன். திருகாணிகளை எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் திரும்ப வைப்பேன். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை அடுப்பு பற்றக் கூடாது. சுவருக்கும் தாங்கிக்கும் நடுவே இடுக்கு விட்டால் கரப்பான் குடியேறும். அதைப் பூசி அடைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு.

சாதனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எங்கும் தொங்கும் ஏபிசி தூள் உருளையில் இருப்பது பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அழுத்தினால் கடை முழுக்கப் படியும். ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். கொதிக்கும் எண்ணெயைக் குளிரவைக்காது என்பதால், அணைந்த தீ மறுபடி பிடிக்கும். பொரிக்கும் சட்டி உள்ள இடத்துக்கு ஈர இரசாயன வகைதான் சரி. அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் சுடும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாகி மேலே மூடிக்கொள்ளும், வெப்பத்தையும் இறக்கும். பிறகு நீரால் துடைத்தெடுக்கலாம். இதையே ஐரோப்பாவில் எஃப் வகைத் தீக்கு என்றும், அமெரிக்காவில் கே வகைக்கு என்றும் குறிக்கிறார்கள்.

கூரையிலுள்ள நீர்த்தெளிப்பானில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்பு 68 டிகிரி செல்சியஸில் உடையும், பச்சை 93இல். அடுப்புச் சூட்டுக்கு அருகே சிவப்பைப் பொருத்தினால் தீயே இல்லாமல் உடைந்து, சில்லும் குழாய்த் தண்ணீரும் சோற்றில் விழலாம். திறந்த உணவு இருக்கும் மேசைக்கு நேர்மேலே குமிழ் வராதபடி வரைபடத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. புகைபோக்கிக் கூண்டுக்குள் இருக்கும் தெளிப்பு முனைகளுக்குப் பிசுக்கு ஏறாமல் மூடி உண்டு. அதைச் சங்கிலியில் கோத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழம்பில் கிடக்கும்.

"அழுக்காகும், சாதனமே வேண்டாம்" என்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் இறங்கிவருவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் எழுந்த தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

ஒருமுறை, தூள் உருளையால் தீயை அணைத்த ஒரு கடையில் கடைக்கார அக்கா கெஞ்சினார்: "குழம்பு மூடிதானே இருந்துச்சு தம்பி?" தட்டு மூடி தூளைத் தடுக்காது. கொட்டச் சொன்னேன். முத்திரை பிரியாத டின்களை மட்டும் வெளியே எடுத்துக் கழுவிக் கொடுத்தோம்.