பூவின் தலையில் ஒரு கோடு

நிக்கோபாரி மொழியின் ஒலிக்குறிகள் அச்சகத்தைத் தாண்டி வந்துவிட்டன. கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் வந்து தடுக்கி நிற்கின்றன. இத்தனைக்கும் மாற்ற வேண்டியது ஒரு சின்ன அமைப்பைத்தான்.

கார் நிக்கோபார் தீவுக்கு அங்குள்ள மக்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் எழுத ஒரே எழுத்து போதும்: பூ. அவர்கள் பேசும் மொழிக்கும் அதே பெயர்தான். ஆனால் அந்த மொழியை அவர்கள் எழுதுவது ரோமன் எழுத்தில். முதலில் 'பி', பிறகு 'யூ', அந்த 'யூ'வின் தலையில் ஒரு படுக்கைக் கோடு. பேனாவால் எழுதும்போது அந்தக் கோட்டுக்கு ஒரு நொடிகூட ஆகாது. கம்ப்யூட்டரிலோ விசைப்பலகை முழுக்கத் தேடினாலும் கோடு கிடைக்காது. கிடைக்காததை விட்டுவிட்டு அடிப்பது சுலபம். அப்படி அடித்தால் பூ, பு ஆகிவிடும்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று தமிழர்கள் கேட்க முடியாது. 'கல்' என்பதில் புள்ளியை எடுத்துவிட்டால் 'கல' என்றாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதிய காலத்தில் சொல்லைப் பிரித்தறியப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குறில் எகர ஒகரத்தையும் நெடில் ஏகார ஓகாரத்தையும் வேறுபடுத்திக் காட்ட வீரமாமுனிவர் எழுத்தையே திருத்த வேண்டியிருந்தது. எழுத்தின் மேலுள்ள குறி அலங்காரமல்ல, எழுத்தின் ஒரு பாகம்.

நிக்கோபாரியிலும் இதே கதைதான். ரோமன் எழுத்தில் உயிரெழுத்துகள் ஐந்து. அந்த மொழியின் உயிரொலிகளோ அதைவிட அதிகம். ஆகவே 'ஓ'வின் மேலும் 'இ'யின் மேலும் இரட்டைப் புள்ளி, 'யூ'வின் மேல் கோடு என்று ஒலிக்குறிகள் சேர்க்கப்பட்டன.

இந்த எழுத்து வந்த வரலாற்றில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமன் 1890-களின் பிற்பகுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த தீவுச் சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் சென்றார். மிஷனரி ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபாரி அகராதி 1925-ல் ரங்கூனில் அச்சானது. ரிச்சர்ட்சனின் முயற்சியில் புதிய ஏற்பாடு 1950-லும் முழு பைபிள் 1969-லும் நிக்கோபாரியில் வெளிவந்தன. ஈய எழுத்துக் காலத்திலேயே அச்சேறிய குறிகள் இவை.

கம்ப்யூட்டர் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? இந்தியக் கடைகளில் விற்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க டைப்ரைட்டரின் வாரிசுகள். ஆங்கிலத்துக்கு ஒலிக்குறி தேவையில்லை. 1963-ல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி குறியீட்டு முறையில் இருந்தவை 128 இடங்களே. ஒலிக்குறி எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. 1991-ல் முதல் பதிப்பு வெளியான யூனிகோடு அந்தக் குறையைத் தீர்த்தது. நிக்கோபாரிக்கு வேண்டிய கோடும் புள்ளியும் இன்று ஏறக்குறைய எல்லா கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கின்றன. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும் வழிதான் பலருக்குத் தெரிவதில்லை.

விண்டோஸ் 11-ல் வழி இதுதான். செட்டிங்ஸ் பகுதியில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'. அங்கே ஆங்கிலத்துக்கு நேரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' சென்று, 'யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனல்' என்ற விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பழைய அமைப்புக்கும் புதியதற்கும் மாறி மாறிப் போகலாம். புதிய அமைப்பில் இரட்டை மேற்கோள் குறியை அடித்தால் திரையில் உடனே எதுவும் தெரியாது. அடுத்து 'ஓ'வை அடித்ததும் இரட்டைப் புள்ளியோடு எழுத்து வந்து விழும். வெறும் மேற்கோள் குறியே வேண்டுமென்றால் அதை அடித்த பின் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். இது தெரியாதவர்கள் விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுண்டு.

சிக்கல் இதோடு முடியவில்லை. இந்த அமைப்பு மேற்கு ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் தலைக்கோடு தேவையில்லை. எனவே அது இதில் இல்லை. 'ஓ'வின் புள்ளிகள் கிடைக்கும், பூவின் கோடு கிடைக்காது! மொழியின் பெயரையே எழுத முடியாத விசைப்பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 016பி என்று (கடைசி எழுத்தை ஆங்கிலத்தில்) அடித்து, உடனே ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தினால் அந்த எண் கோடு போட்ட 'யூ'வாக மாறும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'ஏபிசி எக்ஸ்டெண்டட்' அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன் விசையோடு 'ஏ'யைத் தட்டிவிட்டு 'யூ'வை அடித்தால் போதும். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் விசைப்பலகையின் 'யூ'வைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குறிகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். ஒரு சொல்லுக்கு இது சரி. ஒரு பாடப் புத்தகத்தையே அடிக்க வேண்டுமானால் விரல் ஓய்ந்துவிடும். அதற்குக் கீமேன் போன்ற இலவச மென்பொருள் உதவும். எந்த மொழிக்கும் அதில் தனி விசைப்பலகை செய்துகொள்ளலாம்.

விசைப்பலகை கிடைத்த பிறகும் ஓர் ஒழுங்கு வேண்டும். கோடு போட்ட 'யூ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே எழுத்தாக, அல்லது வெறும் 'யூ'வும் அதன்மேல் தனிக் கோடுமாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இரண்டையும் சமமாக்கிப் பார்க்கத் தெரியாத மென்பொருளில் ஒருவர் அடித்த சொல்லை இன்னொருவர் தேடினால் கிடைக்காது. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில் ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் தெரிந்ததை மறந்திருக்க முடியாது. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் மாநாடும், தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றதும் அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட எடுக்கப்பட்ட முயற்சிகள். அதற்குத் தமிழுக்கு ஓர் அரசு இருந்தது. கோடிக்கணக்கில் மக்கள் இருந்தார்கள்.

நிக்கோபாரியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 29,000 பேர்தான். அதே ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த வியட்நாமிய மொழியும் ரோமன் எழுத்தில், இதைவிட அதிகமான குறிகளோடு எழுதப்படுகிறது. அதற்கான விசைப்பலகை எல்லா முக்கிய இயங்குதளங்களிலும் தயாராக இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழியான தமிழுக்கும், பெரும்பாலும் பிற்காலத்தில் வந்து குடியேறியவர்கள் பேசும் வங்காளிக்கும் இந்திக்கும் விண்டோஸிலேயே விசைப்பலகை உண்டு. அந்தத் தீவுகளிலேயே பிறந்த நிக்கோபாரிக்கு இல்லை.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்களைத் துடைத்தெறிந்தது. காகிதத்தில் மட்டும் இருப்பது எவ்வளவு நிலையற்றது என்பதை அந்தத் தீவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டும் கதையும் சொற்களும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். ஏறும்போது தலையில் இருக்கும் கோட்டோடும் புள்ளியோடும் ஏற வேண்டும். குறியில்லாமல் அடித்துக் குவித்ததைப் பிறகு திருத்துவது, புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படிப்பதைப் போன்ற வேலை. அதைவிட, விசைப்பலகையின் அமைப்பை இப்போதே மாற்றிக்கொள்வது எளிது. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.