நாலில் ஒரு பாகம் தண்ணீர்

பல்லடம் பக்கத்தில் தோட்டம் கைமாறும்போது, வாங்குகிறவர் நிலத்தின் அளவைவிடக் கூர்ந்து பார்ப்பது கிணற்றுப் பங்கைத்தான். பத்திரம் எழுதுவது என் தொழில். சொத்து விவரத்தின் கடைசியில் இப்படி வரும்: 'கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், அதிலுள்ள 5 குதிரைத்திறன் மோட்டார், மின் இணைப்பு இவற்றில் அதே அளவு பாத்தியமும், நாலு நாளைக்கு ஒரு நாள் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் முறையும், வாய்க்கால் தடமும் சகிதம்.'

அண்ணன் தம்பி நாலு பேர் பாகம் பிரிக்கும்போது நிலத்துக்கு வரப்புப் போடலாம், கிணற்றுக்குப் போட முடியாது. ஆகவே நாளைப் பிரித்தார்கள். மோட்டார் காயில் கருகினால் செலவு நாலு பங்கு. தூர் வாரினாலும் அப்படித்தான். முறை நாளில் கரண்ட் போனால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு ஊருக்கு ஊர் வழக்கம் உண்டு, சண்டையும் உண்டு. கிணறு இல்லாதவருக்கு, நிலமே இல்லாதவருக்கு, இந்தக் கணக்கில் இடமே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் தண்ணீருக்குத் தனியாகக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை. வெயில் ஏறினால் மாட்டை அவிழ்த்தாக வேண்டும். ராத்திரி ஊற்று சுரந்து, விடியும்போது கிணற்றில் மறுபடி தண்ணீர் நிற்கும்.

சட்டம் பார்க்கும் பார்வை வேறு. 1882-இன் ஈஸ்மெண்ட் சட்டம், 7-ஆம் பிரிவு: குறிப்பிட்ட பாதையில் ஓடாத நிலத்தடி நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு என்ற அளவு அதில் இல்லை. இதன் வேர் இங்கிலாந்தில் 1843-இல் வந்த ஒரு தீர்ப்பு. நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் பஞ்சாலைக்காரர் ஒருவரின் கிணறு வற்றியது. சுரங்கத்தார் மேல் குற்றமில்லை என்றது நீதிமன்றம். பூமிக்கடியில் தண்ணீர் எப்படிப் போகிறதென்று யாருக்கும் தெரியாது என்று நினைத்த காலம் அது. நீர்மூழ்கி மோட்டாரும் அன்று கிடையாது.

இப்போது பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்குப் போர் இறங்குகிறது. கொங்கு நாட்டில் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் மேலே மக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தங்கும். போர் அந்த வெடிப்புகளை உறிஞ்சும்போது மேல்மட்ட ஊற்றும் கீழே இறங்கிவிடுகிறது. பத்திரத்தில் நாலில் ஒரு பாகம் அப்படியே இருக்கிறது. கிணற்றில் புறா கூடு கட்டுகிறது. வழக்குப் போடலாமா என்று வருகிறவர்களிடம் 7-ஆம் பிரிவைக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. 1990-இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. விவசாயிக்கு அது பெரிய ஆறுதல்தான், ஆனால் மோட்டாரை நிறுத்த ஒரு காரணம் குறைந்துபோனது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரிலும் நிலத்துக்காரருக்கு இதே உரிமைதான் இருந்தது. ஆனால் அந்த ஊரார், போபட்ராவ் பவார் தலைவராக இருந்தபோது, பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று கிராம சபையில் முடிவெடுத்தார்கள். பெய்த மழையை அளந்து, அந்த வருஷம் என்ன பயிர் வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கரும்புக்கும் வாழைக்கும் அங்கே இடமில்லை. உரிமை இருந்தும் ஊர் கூடி அதற்கு ஓர் அளவு வைத்துக்கொண்டது. நம் பத்திரங்களில் இல்லாதது அந்த அளவுதான்.

போன ஆடியில் பாகப்பிரிவினைக்கு வந்த நாலு சகோதரர்களில் மூத்தவர் கேட்டார்: "ஏனுங்க, கெணத்துக்குப் பக்கத்துல நாங்க யாரும் போர் போடக் கூடாதுன்னு இதுலயே எழுதீரலாமுங்களா?"

எழுதினேன். நீங்கள் நாலு பேர்தான் இதற்குக் கட்டுப்பட்டவர்கள், வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப அவுங்களையும் கூட்டியாந்தா?"

தனியாக ஓர் ஒப்பந்தம் போடலாம் என்றேன்.